ஏறும் ஆயில்

பட்டறையில் கையைக் கழுவிவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் மெக்கானிக் தோழர்களுக்கு வணக்கம். ஐடிஐ-யிலும் பாலிடெக்னிக்கிலும் மோட்டார் தொழில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம். அப்பா ஓட்டிய கார், தாத்தா வாங்கிய கார் என்று ஒரு பழைய வண்டியை வீட்டுக் கொட்டகையில் துணி போர்த்திக் காப்பாற்றி வரும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் பெரியவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். உங்களால்தான் அந்த வண்டிகள் இன்னும் சாலையில் இருக்கின்றன.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பழைய காரின் இன்ஜின் ஆயிலில் பெட்ரோல் கலப்பது. கலந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த வழியாக வந்தது என்று எப்படித் தேடுவது? கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் இந்தச் சின்ன விஷயத்தைப் பொறுமையாகப் பார்க்காததால் எத்தனை நல்ல இன்ஜின்களை இறக்கிப் பிரித்துப் போட்டிருக்கிறோம்! செலவைக் கேட்டு மலைத்துப்போய், எத்தனை பேர் வண்டியை எடைக்குப் போட்டிருக்கிறார்கள்! அதைத் தடுக்க முடியும் என்பதற்காகத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

நம் ஊருக்கும் பழைய காருக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். நெருங்கிய உறவு இருக்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் பிறந்தது எங்கே? சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கம், இதே ஜிஎஸ்டி சாலையோரத்தில். 1961-இல் சந்தைக்கு வந்த அந்த வண்டிக்கு 948 சிசி இன்ஜின். அதே சாலையில் தெற்கே வந்தால் திண்டிவனம்; கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டினால் விழுப்புரம். பம்பாய் குர்லாவில் செய்த பத்மினியும், வங்காளத்தில் உத்தரபாராவில் செய்த அம்பாசடரும் நம் ஊர் டாக்டர் வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் நின்றன. டாக்ஸி ஸ்டாண்டில் நின்றன. ஆனால் ஹெரால்டு நம் சாலையின் பிள்ளை. பத்மினி 2000-ஐ ஒட்டி நின்றுபோனது. அம்பாசடர் 2014 மே மாதத்தோடு நின்றது. ஹெரால்டு அவற்றுக்கெல்லாம் முன்பே நின்றுவிட்டது. இனிப் புதிதாக ஒன்றும் வரப்போவதில்லை. இருப்பதைத்தான் நாம் காக்க வேண்டும்.

சரி, பொருளுக்கு வருவோம்.

காலையில் வண்டியை எடுக்கும் முன் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறீர்கள். ஆயில் குறைந்திருந்தால் கவலைப்படுகிறீர்கள். ஏறியிருந்தால்? பலர் நிம்மதியாக மூடிவிடுகிறார்கள். ‘நம் வண்டி ஆயில் குடிப்பதே இல்லை’ என்று பெருமையாகச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். நாற்பது, ஐம்பது வருடம் ஓடிய இன்ஜின் கொஞ்சமாவது ஆயில் எரிக்கும். ஆயில் தானாக எங்கேயாவது ஊறுமா? ஊறாது. மட்டம் ஏறினால் வேறு ஏதோ ஒன்று உள்ளே வந்திருக்கிறது. பழைய இன்ஜினில் மாதக்கணக்கில் மட்டம் துளியும் குறையவில்லை என்றாலும் எனக்குச் சந்தேகம் வரும். எரிந்துபோன ஆயிலின் இடத்தைப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருக்கலாம்.

உள்ளே வரக்கூடியவை இரண்டு: தண்ணீர், பெட்ரோல். தண்ணீர் வந்தால் ஆயில் வெளுத்துவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணிறப் பசை ஒட்டியிருக்கும்; ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போகும். அப்படியென்றால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள், அது வேறு கதை. பெட்ரோல் வந்தால் நிறம் கருப்பாகவே இருக்கும். ஆனால் கை சொல்லிவிடும். டிப்ஸ்டிக் நுனியிலிருந்து ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேயுங்கள். நல்ல ஆயில் வழவழவென்று பிடித்து நிற்கும். பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீர்போல ஓடும், விரலில் நிற்காது. மூக்கருகே கொண்டுபோனால் நெடி அடிக்கும். இன்னும் சந்தேகமா? வடிதாளில் ஒரு சொட்டு விட்டு, கூடவே புது ஆயிலில் ஒரு சொட்டு விட்டு, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். பெட்ரோல் கலந்த சொட்டைச் சுற்றி வெளிர் வளையம் ஒன்று அகலமாகப் பரவியிருக்கும்.

இங்கே ஒன்றைக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிப்ஸ்டிக் நுனியைத் தீக்குச்சியில் காட்டிப் ‘பற்றுகிறதா பார்’ என்று சோதிக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் பெட்ரோல் இருந்தால் அதன் ஆவியும் அங்கேதான் இருக்கும். பெட்ரோல் ஆவி நம் ஊரின் எந்தக் குளிரிலும் பற்றும். டிப்ஸ்டிக் குழாய் வாயிலேயே நெருப்பைக் கொண்டுபோய் நிறுத்துவது எவ்வளவு பெரிய ஆபத்து! கை இருக்கிறது, மூக்கு இருக்கிறது, வடிதாள் இருக்கிறது. இவற்றுக்கு மேல் என்ன வேண்டும்?

பெட்ரோல் கலந்தால் என்ன கெட்டுவிடும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு லிட்டர் ஆயில் பிடிக்கும் சம்ப்பில் கால் லிட்டர் பெட்ரோல் இறங்கினால் நூற்றுக்கு ஆறு பங்கு. அவ்வளவே போதும், ஆயிலின் தடிமன் வெகுவாக இறங்கிவிடும். கிராங்க் ஷாஃப்டும் பேரிங்கும் ஒன்றை ஒன்று தொடாமல் இருப்பதே நடுவில் நிற்கும் ஆயில் படலத்தால்தான். அந்தப் படலம் மெலிந்தால் உலோகம் உலோகத்தைத் தேய்க்கும். சூட்டில் ஆயில் பிரஷர் விழும். கேம் தேயும். கடைசியில் கனெக்டிங் ராடு பேரிங் தட்டும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு நான் வந்து சொற்பொழிவு ஆற்றி என்ன பயன்?

அப்படியென்றால் ஆயிலை மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது, தோழர்களே. ஆயிலை மாற்றினால் போன வாரம் இறங்கிய பெட்ரோல் வெளியே போகும். அடுத்த வாரம் இறங்கப்போகும் பெட்ரோலுக்கு யார் பதில் சொல்வது? வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். வழியைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் வழி, பெட்ரோல் பம்ப். ஹெரால்டிலும் பத்மினியிலும் இன்ஜின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்குமே, நம் பட்டறைகளில் ஏசி பம்ப் என்று சொல்லுவோமே, அதுதான். கேம் ஷாஃப்ட் சுற்றும்போது அதன் மேடு ஒரு லீவரைத் தள்ளும். லீவர் உள்ளே இருக்கும் டயாப்ரத்தை இழுக்கும். டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். பிறகு ஸ்பிரிங் டயாப்ரத்தைத் திருப்பித் தள்ளும். பெட்ரோல் கார்பரேட்டருக்குப் போகும். எளிமையான வேலை, அழகான வேலை. ஆனால் அமைப்பைக் கவனியுங்கள். டயாப்ரத்துக்கு மேலே பெட்ரோல். கீழே, லீவர் பக்கம், திறந்த வழி. அது நேராக சம்ப்புக்குப் போகிறது. மேல் வயல் தண்ணீர் கீழ் வயலுக்குப் போகாமல் வரப்பு நிற்பதுபோல, இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு ரப்பர் பூசிய துணி மட்டுமே. அதில் ஊசிமுனை அளவு கீறல் விழுந்தாலும் இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். வண்டியும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கார்பரேட்டருக்குப் போதுமான பெட்ரோல் வந்துகொண்டேதான் இருக்கும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

இதற்காகவே பல பம்புகளின் உடலில் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். டயாப்ரம் கிழிந்தால் பெட்ரோல் அந்தத் துளை வழியே வெளியே சொட்டி நமக்குச் சேதி சொல்ல வேண்டும். அந்தத் துளை இன்று எத்தனை பம்புகளில் திறந்திருக்கிறது?

ஒருமுறை திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு பத்மினியை எங்களிடம் கொண்டுவந்தார்கள். மயிலம் முருகன் கோயிலுக்கும் குடும்ப விசேஷங்களுக்கும் மட்டும் எடுக்கிற வண்டி. ஆயில் மட்டம் ஏறுகிறது, கருப்புப் புகை வருகிறது, இழுவை இல்லை. வேறொரு பட்டறையில் கம்ப்ரஷன் பார்த்து, ‘ரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்கிப் போர் போட வேண்டும்’ என்று சொல்லி, செலவுக்கான சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வண்டிக்காரர் பெரியவர், முகமே வாடிப்போயிருந்தது. பம்பைத் துடைத்துப் பார்த்தோம். முன்பு எப்போதோ வண்டிக்குப் பெயின்ட் அடித்தபோது பம்புக்கும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். துளை இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியாக வெள்ளிப் பெயின்ட். ஊசியால் குத்தித் திறந்து லீவரை அசைத்ததும் அந்தத் துளையில் ஈரம் கோத்து நின்றது. பம்பைப் பிரித்தால் டயாப்ரத்தின் மடிப்பு ஓரத்தில் ஒரு பிளவு, நகத்தின் நீளம்கூட இல்லை. டயாப்ரம் கிட் போட்டு, ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு மறுபடி கம்ப்ரஷன் எடுத்தோம். நாலு சிலிண்டரும் நன்றாகவே காட்டின.

முதலில் ஏன் குறைவாகக் காட்டியது? மெக்கானிக் தோழர்கள் இதை மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். சிலிண்டர் சுவரில் ஆயில் பூச்சு இருந்தால்தான் ரிங் நன்றாக அடைக்கும். உள்ளே எரியாத பெட்ரோல் அந்தப் பூச்சைக் கழுவிவிடுகிறது. சம்ப்பிலிருந்து மேலே வரும் ஆயிலும் நீர்த்திருக்கிறது. கம்ப்ரஷன் விழத்தானே செய்யும்? பெட்ரோல் ஊறிக் கிடக்கும் இன்ஜினில் எடுத்த கம்ப்ரஷனை நம்பி ரிங்குக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். முதலில் கசிவை நிறுத்துங்கள். புது ஆயில் ஊற்றுங்கள். ஓட்டுங்கள். பிறகு எடுங்கள். அப்போதும் குறைவாக இருந்து, பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டதும் கூடினால், சரி, ரிங்தான். அந்தத் தீர்ப்பை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி இரண்டாவது வழி, கார்பரேட்டர். ஹெரால்டு, பத்மினி இரண்டிலும் கார்பரேட்டர் மேலே உட்கார்ந்து கீழ்நோக்கி ஊட்டும் வகை. உள்ளே ஃப்ளோட் மிதக்கிறது. பெட்ரோல் மட்டம் ஏறியதும் ஃப்ளோட் ஏறி நீடில் வால்வை அடைக்க வேண்டும். அடைக்கவில்லை என்றால் என்ன ஆகும்? வழிந்த பெட்ரோல் நேராக மேனிஃபோல்டில் இறங்கி, சிலிண்டருக்குப் போய், ரிங் இடுக்கு வழியாகச் சம்ப்பில் சேரும். அம்பாசடரின் எஸ்யூ கார்பரேட்டரில் ஃப்ளோட் அறை தனியாக ஓரத்தில் இருக்கும். வழிந்தால் பெரும்பகுதி வெளியே சிறு குழாயில் கொட்டிவிடும், நாமும் பார்த்துவிடுவோம். கீழ்நோக்கி ஊட்டும் கார்பரேட்டரில் அந்த வசதி இல்லை.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இன்ஜினைச் சூடாகும்வரை ஓட்டி நிறுத்துங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, டார்ச் அடித்துத் தொண்டைக்குள் பாருங்கள். நிறுத்திய பிறகும் சொட்டிக்கொண்டிருந்தால் மட்டம் அதிகம். ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே சளக்சளக் என்று கேட்டால் ஓட்டை. வெந்நீரில் அமுக்குங்கள், எந்த இடத்தில் குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை. பித்தளை ஃப்ளோட்டில் ஈயம் வைத்து அடைக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் பெட்ரோல் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வெளியேறிய பிறகே சூட்டுக்கோலைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். ஈயத்தின் கனம் கூடினால் ஃப்ளோட் தாழ்ந்து மிதக்கும், மட்டம் மாறிவிடும். அதையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இன்னொரு கோளாறை நாமே விலை கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்கிறோம். பழைய பம்ப் கிடைக்கவில்லை என்று சொல்லி, புதிய இன்ஜெக்‌ஷன் காரின் மின்சார பம்பைக் கொண்டுவந்து கார்பரேட்டர் வண்டியில் மாட்டுகிறார்கள். பழைய பம்ப் சதுர அங்குலத்துக்கு இரண்டு, மூன்று பவுண்டு அழுத்தம் கொடுக்கும். நீடில் வால்வு அதற்காகச் செய்தது. இன்ஜெக்‌ஷன் பம்ப் கொடுப்பதோ நாற்பது பவுண்டு அளவில். அந்தச் சின்ன ஊசி அதைத் தாங்குமா? மின்சார பம்ப் போடுவதில் தவறில்லை. கார்பரேட்டருக்கான குறைந்த அழுத்த பம்ப் போடுங்கள். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கிற மாதிரி வயரிங் செய்யுங்கள்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோக் கேபிள் இறுகிப்போய், உள்ளே தள்ளினாலும் சோக் முழுதாகத் திறக்காமல் நிற்கலாம். ஒரு பிளக் எரியாமல் போகலாம். பாயிண்ட், கண்டென்சர் கெட்டிருக்கலாம். எரியாத பெட்ரோல் சுவரோடு வழியும். நம் ஊரில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறிவது ஒரு வழக்கமாகிவிட்டது. அதனால் இன்ஜின் சூடாக நேரம் பிடிக்கும், குறைந்த தூரம் ஓடும் வண்டியில் பெட்ரோல் தேங்கும். டீசல் அம்பாசடர் வைத்திருப்பவர்களே, உங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. நாசில் ஒழுகலாம், பம்ப் ஷாஃப்ட் சீல் போகலாம். டீசல் எளிதில் ஆவியாகாது, நெடியும் அவ்வளவாகத் தெரியாது. அதனால் நீங்கள் டிப்ஸ்டிக்கை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

இத்தனை வழிகளில் எது என்று எப்படிப் பிரிப்பது? ‘எப்போது ஏறுகிறது?’ என்று கேளுங்கள். வண்டிக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். பழைய ஆயிலை வடித்து, புது ஆயிலைச் சரியான மட்டத்துக்கு ஊற்றிக்கொள்ளுங்கள். சமதரையில், காலைக் குளிர்ச்சியில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திண்டிவனத்திலிருந்து விழுப்புரம்வரை ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள். கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர். ஆயில் நன்றாகச் சூடேறும். போய்த் திரும்பி, மறுநாள் காலை அதே இடத்தில் அளந்து பாருங்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு மட்டம் ஏறியிருந்தால் முதலில் பம்பைப் பிடியுங்கள்; சூட்டில் ஆவியாவதைவிட வேகமாக உள்ளே வருகிறது என்று அர்த்தம். நீண்ட ஓட்டத்தில் ஏறாமல், கடைத்தெருவுக்குப் போய்வரும் சில்லறை ஓட்டத்தில் மட்டும் ஏறினால் சோக், பிளக், தெர்மோஸ்டாட் பக்கம் தேடுங்கள். ஓட்டாமல் நிறுத்தி வைத்த இரவுக்குப் பிறகு ஏறினால் நீடில் வால்வையும் பாருங்கள்.

பம்பா, கார்பரேட்டரா என்று இன்னும் தடுமாற்றம் இருந்தால் பம்பை விலக்கிவிடுங்கள். அதன் இரண்டு குழாய்களையும் கழற்றி அடைத்துவிட்டு, திருகுக் குழாய் வைத்த ஒரு சிறு தகர டேங்கிலிருந்து கார்பரேட்டருக்கு நேராக ஊட்டுங்கள். குடிதண்ணீர் பாட்டிலைக் கயிற்றில் தொங்கவிடும் வேலை வேண்டாம்; உருகும், நழுவும், சைலன்சர் மேனிஃபோல்டில் கொட்டும். வண்டியை நிறுத்தி வைத்தபடியே ஓடவிட்டு அளந்து பாருங்கள். ஏறுவது நின்றுவிட்டால் குற்றவாளி பம்ப். நிற்கவில்லையா? பம்ப் நிரபராதி. ஒரு ஸ்பேர் பார்ட்டுக்கும் காசு கொடுக்காமல் கிடைத்த பதில் இது.

இப்போது எல்லாரும் கேட்கும் எத்தனால் விஷயத்துக்கு வருகிறேன். 2022-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் பத்து சதவீதத்தைத் தொட்டது. 2023-இல் இருபது சதவீதக் கலவை சில பெட்ரோல் பங்குகளில் தொடங்கி, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது. பெரியசெவலையில் கூட்டுறவு ஆலை இருக்கிறது. கரும்பு போடும் மாவட்டம் நம் மாவட்டம். கரும்புப் பாகிலிருந்து எரிபொருள் வருவதும், அதில் விவசாயிக்கு நாலு காசு கிடைப்பதும் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் 1960-களிலும் 70-களிலும் செய்த ரப்பர் இந்தக் கலவைக்காகச் செய்ததில்லை. பழைய டயாப்ரம் உப்புகிறது, இறுகுகிறது, வெடிக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கிறது. கார்பரேட்டர் உடலில் வெள்ளையாகப் பூக்கிறது. டேங்கில் பல வருடமாகப் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து நீடில் வால்வின் வாயில் வைக்கிறது. பார்த்தீர்களா? நான் சொன்ன இரண்டு பெரிய வழிகளையும் அது ஒரே சமயத்தில் திறந்துவிடுகிறது. அதனால் பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், கோளாறு வரும்வரை காத்திராமல், எத்தனால் தாங்கும் டயாப்ரம் கிட், நீடில் வால்வு, ரப்பர் ஹோஸ் மூன்றையும் மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப்போகிற வண்டியின் கார்பரேட்டரில் பெட்ரோலை வைத்து மூடாதீர்கள். ஸ்பேர் வாங்கும்போது கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: ‘இது எத்தனால் தாங்குமா?’ கேட்கிறவர்கள் பெருகினால்தான் நல்ல சரக்கு கடைக்கு வரும்.

வேலையில் இறங்கும் முன் கடைசியாகச் சில பாதுகாப்புச் செய்திகள். டிப்ஸ்டிக்கில் மட்டம் மிகவும் ஏறி, பெட்ரோல் நெடி அடித்தால், ‘ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்’ என்று சாவியைத் திருகாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் ஆறிய பிறகு ஆயிலை வடியுங்கள். அருகில் பீடி, வெல்டிங், சாமி விளக்கு எதுவும் கூடாது. வடித்த ஆயிலைப் பெட்ரோலாகவே நினைத்து மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். வாய்க்காலில் கொட்டாதீர்கள், அந்தத் தண்ணீர் யாருடைய ஏரிக்கோ போகிறது. பயன்படுத்திய ஆயிலை வாங்கும் உரிமம் பெற்றவர்களிடம் கொடுங்கள். புது ஆயில் ஊற்றிய பிறகு, எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எந்த மட்டத்தில் ஊற்றினோம் என்று ஒரு சிறு நோட்டில் எழுதி டாஷ்போர்டில் வையுங்கள். அடுத்துப் பார்க்கும் மெக்கானிக்குக் காரியத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

மேடைக்குக் கீழே உள்ள மேசையில் ஒரு பம்பும், கிழிந்த டயாப்ரம் ஒன்றும், புது டயாப்ரம் ஒன்றும், ஓட்டை விழுந்த ஃப்ளோட் ஒன்றும் வைத்திருக்கிறேன். மாணவர்கள் முதலில் வாருங்கள். பம்பில் புது டயாப்ரத்தைப் பூட்டி, அதன் உள் வழியில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு லீவரைத் தட்டுங்கள். நல்ல பம்ப் விரலை எப்படி இழுத்துப் பிடிக்கிறது என்று நீங்களே உணர்ந்து பாருங்கள். பிறகு கிழிந்த டயாப்ரத்தை மாற்றிப்போட்டு அதையே செய்யுங்கள். மெக்கானிக் தோழர்கள், நான் சொல்லாமல் விட்ட வழி ஏதாவது உங்கள் அனுபவத்தில் இருந்தால் அங்கேயே எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.